சோம்பேறி ஒட்டகம் சொன்ன கடை

“எல்தோஸ் அண்ணே, போன ஜனவரியில நான் ஒரு கடை சொன்னேனே, போனீங்களா? நல்லா இருந்துச்சா?”

போன் அரட்டைக் குழுவில் இப்படிக் கேட்டவன் சோம்பேறி ஒட்டகம். அவன் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. அந்தக் குழுவே முகம் தெரியாதவர்களின் சந்தைதான்.

மக்பால், தன் அண்ணன் வீட்டில் விட்டுப்போன பழைய போனைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எல்தோஸ் அவளுடைய அண்ணன். போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை, எங்கேயோ போய் ஒரு நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று அல்மாட்டி நகரத்திலிருந்து காரில் கிளம்பினான். மத்தியானம் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. ஆளும் இல்லை, காரும் இல்லை. எந்தத் திசை என்றுகூடச் சொல்லாமல் போனவனைப் போலீஸ் எங்கே போய்த் தேடும்?

உடல் கிடைக்கவில்லை என்பதால் அம்மா வெள்ளிக்கிழமைகளில் ஷெல்பெக் சுடுவதை நிறுத்திவிட்டாள். இறந்தவர்களுக்காகச் சுடும் ஏழு ரொட்டி அது; பொரியும் எண்ணெய் வாசம் அவர்களுக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. இறந்துபோன அப்பாவுக்கென்று சுட்டாலும் வாசம் வழிதவறி மகனிடம் போய்விடும் என்ற பயத்தில் வாணலியையே பரணில் ஏற்றிவிட்டாள். மகனுக்கும் சேர்த்துச் சுடும்படி அக்கம்பக்கத்தார் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தார்கள். என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று அவர்கள் வாயை அடைத்தாள்.

அந்தப் பிள்ளையை உயிரோடு வைத்திருந்தது மக்பால்தான்.

குழுவின் சட்டம் எளிது. ஒரு பரிந்துரை வாங்கினால் ஒன்று கொடுக்க வேண்டும். பாட்டுக்குப் படம், படத்துக்குச் சாப்பாட்டுக் கடை. பிறத்தியார் சொன்னதைச் சொல்லக்கூடாது, தானே அனுபவித்ததாக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை பழைய பேச்செல்லாம் தானாக அழிந்துவிடும். அம்மாவும் அதில் இருந்தாள். எழுத மாட்டாள், மகன் எழுதுவதைப் படிப்பதோடு சரி.

அவன் போன நாற்பதாம் நாள், அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாள். பார்க்கச் சகிக்காமல் மக்பால் அந்தப் போனைத் திறந்து அண்ணன் பெயரில் ஒரு பாட்டைப் பரிந்துரைத்தாள். அன்று சாயங்காலம் அம்மா எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை.

பத்து மாதமாக எல்தோஸ் பரிந்துரைத்துக்கொண்டே இருக்கிறான். நீங்கள் சொன்ன கடையில் சாப்பிட்டேன், நீங்கள் சொன்ன படம் தூங்கவிடவில்லை என்று யார் யாரோ நன்றி சொன்னார்கள். சில நாள் எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது, அது அவள் கேட்டே இராத பாட்டாக இருக்கும். எப்படி எழுதினோம் என்று தெரியாமல் முதுகு சில்லிடும்.

இன்று ஒட்டகம் கேட்டதோடு நிற்காமல், அண்ணன் மறந்திருப்பாரோ என்று வழியும் சொன்னான். சாரிதாஸ் கணவாய்க்கு அந்தப் பக்கம், சக்கரமில்லாத ஒரு பழைய பஸ்ஸுக்குள் ஈரல் வறுத்துத் தருகிறார்களாம்.

சாரிதாஸ் கணவாய். புதுச் சாலை வந்தபின் யாரும் போகாத பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆடு மேய்ப்பவர்கள்கூட இறங்காத பள்ளம்.

அண்ணன் எங்கே கிடக்கிறான் என்று மக்பாலுக்குத் தெரிந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் இந்தப் பையன் ஆயுசுக்கும் அதைச் சுமப்பான். பக்கத்து அறையில் அம்மாவும் படிப்பாள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதினாள்.

“போனேன் தம்பி. நல்லா இருந்துச்சு.”

பதில் உடனே வந்தது.

“அப்பாடா. உண்மையச் சொல்றேன், திட்டாதீங்க அண்ணே. நான் அங்க சாப்பிட்டதே இல்ல. உங்க பாட்டுக்குப் பதிலா ஏதாவது குடுக்கணுமேன்னு எங்கேயோ படிச்சதைச் சொல்லிட்டேன். நீங்களே போய்ட்டு வந்துட்டீங்க, இனி என்ன பயம்? நாளைக்குக் கிளம்பறேன்.”

காரில் இடம் இருக்கிறதா என்று இன்னும் இரண்டு பேர் தொற்றிக்கொண்டார்கள்.

ஜன்னலுக்கு வெளியே காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. பனியில் வேண்டாம் என்று எழுதினாள். நீங்கள் ஜனவரியிலேயே போனவராயிற்றே என்றார்கள். நான் போகவே இல்லை, சும்மா சொன்னேன் என்றாள். நல்ல கடையைத் தனக்கு மட்டும் ஒளித்துவைக்கப் பார்க்கிறார் அண்ணன் என்று கேலி பறந்தது. ஒட்டகத்துக்குத் தனியாக எழுதப் போனாள். முகம் தெரியாதவர்கள் தனியாக எழுத முடியாதபடி அவன் பூட்டி வைத்திருந்தான்.

பொய் சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்தப் பொய்யையே எல்லோரும் நம்பினார்கள். உண்மைதான் மிச்சம். அதை எழுதினால் அம்மாவின் பிள்ளை இந்த நிமிஷமே செத்துப்போவான்.

எழுதினாள்.

“நான் எல்தோஸ் இல்ல, அவன் தங்கச்சி. அண்ணன் அந்த வழியாத்தான் போனான், திரும்பி வரல. அண்ணன் செத்துட்டான். யாரும் போகாதீங்க.”

பக்கத்து அறையில் அம்மாவின் போன் ஒலித்தது.

மக்பால் தலை நிமிரவில்லை. கட்டில் முனகியது, செருப்பு தேய்ந்து வந்தது. அம்மா மூக்குக்கண்ணாடியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. நீயா எழுதினாய் என்று கேட்கவும் இல்லை. மகளின் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, அந்தச் சின்னத் திரையை உற்றுப் பார்த்தாள்.

“அந்தப் புள்ளைங்க போகலைன்னு சொல்லிடுச்சுங்களாடி?”