நெளிந்த காம்பு

கைப்பையைக்கூடக் கழற்றாமல் கார்த்திகா ஜன்னலோரம் போய் நின்றாள்.

ஆர்க்கிட் செடியின் பூங்காம்பு நேற்றைவிட இன்றைக்கு இன்னும் கோணியிருந்தது.

சாதாரணக் கோணல் இல்லை. இடப்பக்கம் ஒரு வளைவு, வலப்பக்கம் ஒரு வளைவு, மறுபடி இடப்பக்கம். திருவிழா முடிந்து வீடு திரும்பும் குடிகாரன்கூட இதைவிட நேராக நடப்பான்.

கந்தர்வக்கோட்டையில் வெயிலுக்கா பஞ்சம்? முந்திரிக்கொட்டையை மரத்தில் வைத்தே வறுத்துக் கொடுக்கிற வெயில். அப்படிப்பட்ட ஊருக்கு வந்துவிட்டு, இந்தச் செடிக்கு மட்டும் வெளிச்சம் வேண்டுமாம், வெயில் ஆகாதாம். வெயில் பட்டால் இலை வெந்துபோகும். நிழலில் வைத்தால் பூக்காமல் பழிவாங்கும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பாகூட இத்தனை குறை சொல்லமாட்டார்.

கல்யாண நாளுக்குக் கணவன் கோபிநாத் ஷார்ஜாவில் இருந்தபடியே ஆன்லைனில் அனுப்பிவைத்த செடி. அனுப்பியவன் ஏசியில் உட்கார்ந்திருக்கிறான். தொட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்கும் மாடிப்படிக்கும் அலைந்து இடுப்பொடிந்தவள் இவள்.

கடைசியில் அதற்குப் பிடித்துப்போன ஒரே இடம், மாமனார் ஐயனாரின் கட்டிலுக்கு வலப்பக்கத்துக் கிழக்கு ஜன்னல். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்துத் திரையாகக் கட்டி, பாலை வடிகட்டுவதுபோல் வெயிலை வடிகட்டிக் கொடுத்தாள். அதன்பிறகுதான் துரை காம்பு விட்டார். அன்றிலிருந்து தொட்டியை அவள் அசைக்கவே இல்லை. தண்ணீர்கூட இருந்த இடத்திலேயே.

ஐயனாருக்கு வலப்பக்கம் முழுதும் வாதம். புரண்டு படுக்கக்கூட ஆள் வேண்டும்.

"கையில ஒரு அசைவு வந்துட்டாப் போதும் அண்ணி, பயிற்சி குடுத்து நடக்க வச்சிரலாம்னு டாக்டர் சொல்றாரு. அன்னைக்கே நான் திருச்சிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிர்றேன்" என்று நாத்தனார் வனிதா சொல்லியிருந்தாள்.

ஒரே ஒரு அசைவு. வந்துவிட்டால் அவர் திருச்சிக்கு. இவள் ஷார்ஜாவுக்கு. விசா வந்து பீரோவில் தூங்குகிறது.

பகலெல்லாம் பைக் ஷோரூமில் நின்றுவிட்டு வந்து, மாலையில் அந்தக் கையைப் பிடித்து எண்ணெய் தேய்ப்பாள். தேய்த்த எண்ணெயில் நார்த்தாமலைக் கோயில்கள் அத்தனைக்கும் வருஷம் முழுக்க விளக்கேற்றியிருக்கலாம். கை மட்டும் விறகுக்கட்டையாகவே கிடந்தது. தேய்த்துத் தேய்த்து இவள் கைதான் விட்டுப்போனது.

"நான் கெடக்கேன் தாயி, நீ கெளம்பு. எம்மவன் அங்கிட்டு ரொட்டியத் தின்னு தின்னு ரொட்டியாவே ஆயிட்டான்" என்று ஐயனாரும் அவ்வப்போது விரட்டத்தான் செய்தார்.

கார்த்திகா காம்பைப் படமெடுத்துப் புதுக்கோட்டையில் நர்சரி வைத்திருக்கும் பள்ளிக்கூடத் தோழி ஷர்லிக்கு அனுப்பினாள். மறு நிமிஷமே குரல் வந்து விழுந்தது.

"அடியே, தெனமும் தொட்டியத் திருப்புறியா? வெளிச்சம் எங்கிட்டு இருக்கோ அங்கிட்டுத்தான்டி காம்பு போகும். நீ திருப்பத் திருப்ப அதுவும் தேடித் தேடி வளைஞ்சிருக்கு. பூ விரியிற வரைக்கும் தொடாத, மொட்டு உதிர்ந்துரும்!"

மதியம் மாமனாருக்குச் சோறு கொடுக்க வருகிறவள் பக்கத்து வீட்டு அழகம்மாள் ஒருத்திதான். கார்த்திகா சுவரோரம் போய்க் கேட்டாள்.

"நானா? மண்ணே இல்லாம கரித்துண்டுல உக்காந்திருக்கு, வேரு பேய் வெரலாட்டம் வெளிய தொங்குது. தங்கக் காசு குடுத்தாலும் அதுகிட்ட போகமாட்டேன்டி யம்மா" என்றாள் அழகம்மாள்.

கார்த்திகா திரும்பி வந்து தொட்டியை லேசாகத் தூக்கிப் பார்த்தாள்.

ஜன்னல் கட்டையில் அரைவட்டமாக ஒரு தேய்மானம். ஒருமுறை இருமுறை திருப்பி விழுந்த தடம் இல்லை அது.

மொட்டுகள் எல்லாம் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு, கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்றன.

பகலில் யாரோ தொட்டியைக் கட்டில் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். அவள் வருவதற்குள் மறுபடி ஜன்னல் பக்கம்.

ஐயனாரின் இடக்கை அங்கே எட்டாது. எப்படி முயன்றாலும் எட்டாது.

முதல் வளைவு காம்பின் அடியிலேயே இருந்தது. விசா வந்த சமயத்தில் விட்ட காம்பு; அப்போதே அந்த வலக்கை அசைந்திருக்கிறது.

கோபப்பட வேண்டும் என்று நினைத்தாள். அதற்கும் தெம்பு வேண்டுமே. கட்டிலின் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

ஐயனார் கண்ணை இறுக மூடியிருந்தார். தூங்குகிறவன் இத்தனை இறுக்கமாக மூடமாட்டான். அந்த வலக்கை போர்வைக்கு மேல், சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளையாக அசையாமல் கிடந்தது.

போன் அடித்தது. கோபிநாத்.

"அப்பா கை எப்படி இருக்கு?"

ஒரு வார்த்தை போதும். சொல்லிவிட்டால் இன்றைக்கே பெட்டியை இறக்கித் தூசு தட்டலாம்.

கட்டிலில் மூச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

கார்த்திகா போனை மார்போடு பொத்திக்கொண்டாள்.

"மாமா, இனிமே அதத் திருப்பாதீங்க. மொட்டு உதிர்ந்துரும்."

ஐயனார் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"விரிஞ்சதுக்கு அப்புறம்?"

"விரிஞ்சதுக்கு அப்புறம் நானே ஒங்க பக்கம் திருப்பி வைக்கிறேன்."

உள்ளங்கைக்குள் கோபிநாத் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தான். அவள் போனைக் காதுக்குக் கொண்டுபோனாள்.

"அப்படியேதாங்க இருக்கு" என்றாள்.