ஜெனரேட்டர் வேணுமா?

“கேரவனுக்கு ஜெனரேட்டர் எதுக்குடி? பேட்டரியே போதும்” என்று மனைவி ஜெயசித்ராவிடம் சொல்லிவிட்டு, எழிலரசன் கேரவன் வண்டியைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தனியாகப் பாகூர் ஏரிக்கரைக்குப் போனான்.

மதியம் அவன் போன் அணைந்திருந்தது. ஏசி நின்றால் அந்தத் தகரக் கூண்டு அடுப்பாகிவிடுமே! பதறிப்போய், வில்லியனூர் வாடகைக் கடையில் ஜெனரேட்டர் கேட்டாள்.

“ஏரிக்கரை கேரவனுக்குத்தானம்மா? இப்பத்தான் எறக்கினோம். ஐஸ் பெட்டியும் கூடவே போச்சு.”

போன வருஷம் மாமனாரின் உடலைக் கிடத்தியதும் அந்தக் கடைப் பெட்டியில்தான்.

ஆட்டோவில் போய் இறங்கியபோது ஏரிக்கரையில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி. அதன்மேல் அவனுடைய துண்டு போர்த்தியிருந்தது. கதறிக்கொண்டு பெட்டியின்மேல் விழுந்தாள்.

கேரவன் கதவு திறந்தது.

“இன்னாடி ஆச்சு?” என்று எழிலரசன் எட்டிப் பார்த்தான். “பேட்டரி பூடுச்சு. கடைக்குச் சொல்லி முடிக்கவும் போனும் பூடுச்சு. ஜெனரேட்டரைத் தனியாத் தரமாட்டானாம். பெட்டி சும்மாதானே கெடக்குதுன்னு மோர் வச்சேன். குடிக்கிறியா?”