நாலாவது சில்லு

ஸஹீலாவின் வண்டி சேற்றுத் தட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

சுற்றிவர ஐம்பது பிள்ளைகள், எல்லாரும் வெறுங்காலோடு.

வவுனியாப் பள்ளிக்கூடமொன்றின் கணினி அறை அது. செருப்போடு உள்ளே வரக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். மாபிள் பதித்த தரை அங்கே மட்டும்தான் இருந்தது. அதனால் ரோபோப் போட்டியையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

மாபிளில் ஓடி, வயல் சேறு நிரப்பிய தட்டைக் கடந்து, திரும்பவும் மாபிளில் ஓடி முடிக்க வேண்டும். கை படக்கூடாது. முதற்பரிசு ஒரு கணினி.

ஸஹீலாவின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கணினியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்.

முன்னுக்கு ஓடியவற்றில் நாலு வண்டி சேற்றில் புதைந்தது. பல்லுச் சில்லுப் போட்டு வந்த இரண்டும் மாபிளில் வழுக்கி, நின்ற இடத்திலேயே நின்று சுற்றின. ஒன்றே ஒன்றுதான் தட்டுத்தடுமாறி முடித்திருந்தது.

ஸஹீலாவின் வண்டிக்கு நாலு ரப்பர்ச் சில்லு. அவற்றுக்கு உள்பக்கமாக, மேலே தூக்கிக் கட்டின நாலு தகரச் சில்லு. நீள வயரின் நுனியில் கையில் பிடித்திருக்கும் ஆளியை, அதுதான் சுவிச்சை, அமத்தினால் ஒரு சின்ன மோட்டர் நூலை இழுக்கும். தகரச் சில்லுகள் கீழே இறங்கி வண்டியைத் தூக்கும். ரப்பர்ச் சில்லுகள் அந்தரத்தில் நிற்கும்.

யோசனை வாப்பாவுடைய உழவு மெசினில் இருந்து வந்தது. றோட்டில் ஓட ரப்பர்ச் சில்லு, வயலில் இறங்க இரும்புச் சில்லு. அவர்களின் ஊரான தண்ணீரூற்றில் வரம்போரம் வைத்து அதை மாற்ற வாப்பாவுக்கு அரை மணித்தியாலமும் ஆறேழு கெட்ட வார்த்தையும் தேவைப்படும். ஸஹீலாவுக்கு ஒரு ஆளி போதும்.

போதும் என்றுதான் காலையில் பஸ் ஏறும்வரைக்கும் நினைத்திருந்தாள்.

சண்டையால் மூடிக் கிடந்த பாதை திறந்து இரண்டு வருஷமாகியும் சோதனைச் சாவடி சோதனைச் சாவடிதான். பெட்டிக்குள் வயரும் பற்றரியும் கிடந்தால் யார் சும்மா விடுவார்கள்? எல்லாவற்றையும் கழற்றி மேசையில் பரப்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே திருப்பியும் கொடுத்தார்கள். ஆனால் இறங்கின ரப்பர்ச் சில்லு நாலு, திரும்ப ஏறினது மூன்று.

அந்த மூன்றும் கூட்டாளி சுதாஜினியின் பழைய சிவப்புச் செருப்பில் வெட்டினவை. போட்டி தொடங்கப் பத்து நிமிஷம் இருக்க, சுதாஜினி சவரப் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். வரும்போது கையில் ஒரு நீலச் சில்லு.

"கேக்காத. பூட்டு" என்றாள்.

ஸஹீலா கேட்கவில்லை. பூட்டினாள்.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆளியை அமத்தினாள்.

நூல் இழுபட்டது. தகரச் சில்லுகள் இறங்கின. வண்டி கோழி எழும்புகிற மாதிரி எழும்பி, ஒருக்கால் ஆடி, சேற்றுக்குள் இறங்கிப் போனது. பிள்ளைகள் கூவின கூவலில் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மற்றக் கரைக்கு வந்ததும் ஸஹீலா வண்டியை நிற்பாட்டினாள். பிறகு முன்னுக்கும் பின்னுக்குமாக உலுப்பத் தொடங்கினாள்.

"என்னடி விசரி, நேரம் போகுது!" சுதாஜினி கத்தினாள்.

றோட்டில் ஏறமுதல் வாப்பா இப்படித்தான் உலுப்புவார். சேறு விழாமல் சில்லு மாறாது. ஒருதரம். இரண்டுதரம். தகரத்தில் அப்பியிருந்த சேறு சொத்தென்று விழுந்தது. ஆளியை மற்றப் பக்கம் தட்டினாள். ரப்பர்ச் சில்லுகள் மாபிளைத் தொட்டன. மூன்று சிவப்பும் ஒரு நீலமுமாக வண்டி முடிவுக் கோட்டைத் தாண்டி ஓடியது.

நடுவர் பரமலிங்கம் குளக்கட்டு வேலைகளில் இருந்து ஓய்வுபெற்ற பொறியியலாளர். அதிகம் கதையாத மனிசன். முழந்தாளிட்டு, நீலச் சில்லை விரலால் மெல்லச் சுற்றிப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"இந்த ரப்பர் எங்க எடுத்தது, பிள்ளை?"

"இஞ்சதான் சேர், பக்கத்தில" என்றாள் சுதாஜினி.

அவர் தலையை ஆட்டிவிட்டு எதையோ எழுதினார்.

வழுக்கி வழுக்கி முடித்த அந்த மற்ற வண்டியைவிட இவர்களுக்கு ஒரே ஒரு புள்ளிதான் கூட. சுற்றாடலில் கிடைக்கும் பொருட்களைப் பயன்படுத்தியதற்கு, பத்துக்குப் பத்து.

ஸஹீலாவும் சுதாஜினியும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். கணினி வந்தால் தங்கள் பள்ளிக்கூடத்திலும் எல்லாரையும் செருப்பைக் கழற்ற வைக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். குதித்தபடியே வாசலுக்கு வந்தார்கள்.

வாசலில் பரமலிங்கம் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தார். நீலச் செருப்பு. குனிந்து பார்க்கவேயில்லை. முதலே தெரிந்தவர் மாதிரிக் காலை நுழைத்துக்கொண்டு தன் சைக்கிளை நோக்கி நடந்தார்.

சுதாஜினி வாயைப் பொத்தினாள். "ஐயோ, கிடந்ததுக்குள்ள ஆகப் பழசைப் பாத்துத்தானடி வெட்டினனான்!"

முற்றத்து மணலில் அவருடைய தடங்கள் சைக்கிள்வரை போயிருந்தன. இடது தடம் ஒவ்வொன்றின் குதியிலும் ஒரு வட்டம், அச்சொட்டாகச் சில்லின் அளவில்.