எண்ணெய் போட்டும் துரு

"யோவ் தையல்காரரே, வெளியே வாய்யா!"

ஷெட்டு வாசலில் நின்று தபால்காரர் போட்ட சத்தத்தில், பக்கத்து வீட்டுத் தையல் மிஷின் கப்பென்று நின்றது. மனுஷன் ரிடையர் ஆகிவிட்டார், குரல் ஆகவில்லை.

தையல்காரர் கழுத்தில் தொங்கிய டேப்போடு ஓடி வந்தார். "என்னண்ணே?"

"இந்தப் பொது ஷெட்டுக்கு ரெண்டே சாவி. ஒண்ணு என் வீட்டுல, ஒண்ணு உன் வீட்டுல. இப்ப என் சைக்கிளைப் பாரு!"

செயின் முழுக்கச் செம்மண் பூசின மாதிரி துரு. ரிம்மில் புள்ளி புள்ளியாக வேறு.

தபால்காரர் ஒரு குறையும் வைக்கவில்லை. குளிர் தொடங்கியதுமே சைக்கிளை ஈரம் போகத் துடைத்தார். செயினுக்கு எண்ணெய், ரிம்முக்கு கிரீஸ். சிமெண்டுத் தரையின் ஈரம் ஏறாமல் பலகை மேல் நிறுத்தினார். பிளாஸ்டிக் போட்டு மூடினால் உள்ளே வேர்க்கும் என்று பழைய பெட்ஷீட்டைத்தான் போர்த்தினார். பெற்ற பிள்ளையைக்கூட இவர் இப்படித் தாங்கினதில்லை என்பாள் மனைவி.

குளிருக்கு முன்னால், அந்தச் சைக்கிளில் போகும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் விழுந்தார். "இனிமே சைக்கிள் பக்கமே போகக்கூடாது, சாப்பாட்டுல உப்பும் கூடாது" என்றார் டாக்டர்.

"அவர் கிடக்கறார். குளிர் முடியட்டும், நான் ஓட்டறேனா இல்லையா பாரு!" என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார்.

"தண்ணி கிண்ணி ஊத்தினியா? உண்மையைச் சொல்லு!" என்று தையல்காரரைப் பிடித்து உலுக்கினார் தபால்காரர்.

தையல்காரர் ஒரு தரம் தபால்காரர் வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புதாண்ணே. கதவைத் திறந்து போட்டுட்டேன். பனி இறங்கிடுச்சு போல."

"அறிவிருக்காய்யா உனக்கு? குடு சாவியை! இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காதே!"

சாவியைப் பிடுங்கிக்கொண்டு சாப்பிட வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல எதிலும் உப்பில்லை. பாவம், மனைவியும் அவருக்காக அதையேதான் சாப்பிடுகிறாள்.

"சாவியை வாங்கிட்டேன். இனிமே எப்படித் துரு வருதுன்னு பார்க்கறேன்."

"அந்த மனுஷனைப் போய் ஏங்க திட்டினீங்க?" என்றவள், தண்ணீர் எடுக்கப் போனாள்.

இதுதான் சமயம் என்று உப்பு ஜாடியைத் திறந்தார். காலி!

"உப்பு எங்கே?"

"உங்களுக்குத்தான் ஆகாதே."

"எனக்கும் போடறதில்லை, நீயும் போட்டுக்கறதில்லை. நிறைஞ்சு இருந்த ஜாடி எப்படி காலியாச்சு?"

அவள் பார்வை பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் ஓடியது. தொட்டி ஓரத்தில் ஒரு துணி கிடந்தது. அதில் கன்னங்கரேலென்று செயின் எண்ணெய்.

"அடிப்பாவி! நீயா?"

"ஆமா, நான்தான். எண்ணெயைத் துடைச்சிட்டு உப்புத் தண்ணியைத் தடவினேன். தையல்காரர் பார்த்துட்டார். சொல்லிடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்." அவள் குரல் உடைந்தது. "அன்னிக்கு நீங்க ரோட்டுல கிடந்ததை நீங்க பார்க்கலை. நான்தான் பார்த்தேன்."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தபால்காரர் கோபப்படத்தான் நினைத்தார், வரவில்லை. கையைக் கழுவிவிட்டு, தையல்காரரின் சாவியையும் எண்ணெய் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"ஐயோ, எங்கே போறீங்க?"

"தையல்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்கணும். இந்த எண்ணெய் அவர் தையல் மிஷினுக்காவது ஆகட்டும். அப்படியே கடைக்குப் போய் உப்பு வாங்கிட்டு வரேன், நீயாவது போட்டுச் சாப்பிடு."

செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"பயப்படாதே. நடந்துதான் போறேன்."