காய்த்தோல் இருக்கா?

"இன்னா சுமா, இன்னிக்கும் வெறும் டீத்தூளு தானா?"

கீழ் வீட்டு எல்லம்மா குப்பைக் கூடையைச் சாய்த்துப் பார்த்தபடி கேட்டாள். சுமலதாவுக்கு எரிச்சலாக வந்தது. அடுத்தவர் வீட்டுக் குப்பையைக் கிளறி, அதற்குக் கேள்வி வேறு.

"நான் ஒருத்தி. எவ்ளோ குப்பை சேரும்கா?"

"டீத்தூளையே கொட்டினா ரோஜா வாடிப்பூடும்மா. காய்த்தோலு வேணும். நாளைக்கு வரேன்."

சுமலதா கும்மிடிப்பூண்டிக்குக் குடிவந்து மூன்று மாதம். கணவன் துளசிராமன் காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இரவு எட்டுக்குத்தான் வருவான். மூன்று வேளையும் அவனுக்குக் கேன்டீன் சாப்பாடு.

வந்த புதிதில் வயிற்றில் இருந்த குழந்தை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. அதிலிருந்து அவளுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. தனக்காக மட்டும் அடுப்பைப் பற்றவைக்கத் தோன்றவில்லை. டீ, பிஸ்கட், மறுபடியும் படுக்கை.

எல்லம்மா சொன்னபடி மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள்.

தொல்லை விட்டால் போதும் என்று சுமலதா தெருவில் போன வண்டியில் பீர்க்கங்காய் வாங்கித் தோலைச் சீவிக் கொடுத்தாள். சீவிய காயை என்ன செய்வது? கூட்டு வைத்தாள். வைத்ததைச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் எல்லம்மா முட்டைக்கு வந்தாள்.

"தக்காளி அடியில அழுகுது சுமா. முட்டை ஓட்டை நுணுக்கிப் போட்டா சரியாவும். தெனம் ஒண்ணு குடு, போதும்."

பிறகு வாழைப்பழத் தோல். பிறகு அரிசி கழுவிய தண்ணீர்.

"கேட்டு வாங்குறதுக்கு ஒரு கூச்சம் வேணாம்?" என்று ஞாயிற்றுக்கிழமை கணவனிடம் புலம்பினாள்.

துளசிராமன் சிரித்தான். "குப்பைதானே, குடுத்துட்டுப் போயேன்."

குழந்தை பிறந்திருக்க வேண்டிய மாதம் வந்தது. டாக்டர் சொல்லியிருந்த தேதியன்று சுமலதா எழுந்திருக்கவே இல்லை. பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"சுமா, தோலு எதுனா இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. ஒரு நாளாவது என்னை நிம்மதியா விடுங்க. இனிமே வராதீங்க."

எல்லம்மா மெதுவாகப் படியிறங்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

சுமலதாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. பாவம், செடிக்காகக் கேட்டவளை அப்படி விரட்டியிருக்க வேண்டாம். உருளைக்கிழங்கு சீவிப் பொரியல் செய்துவிட்டு, தோலை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு கீழே போனாள்.

வீட்டின் பின்பக்கம் பெயிண்ட் டப்பாக்களில் ரோஜா, தக்காளி, கறிவேப்பிலை எல்லாம் செழித்து நின்றன. எல்லம்மாவின் கணவர் கணேசன் மொபெட்டிலிருந்து பெரிய டிரம் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா இல்லியாண்ணா?"

"ரேஷன் கடைக்குப் போய்க்கீறாம்மா."

டிரம்மில் கேரட் தோல், கோஸ் இலை, முட்டை ஓடு என்று விளிம்புவரை இருந்தது.

"இது ஏதுண்ணா?"

"நான் கம்பெனி கேன்டீன்ல காய் வெட்டறேன் இல்ல? ரெண்டு வருசமா தெனம் எடுத்துக்கினு வரேன். செடிக்குப் போட்டது போக மீதி பக்கத்து ஊட்டு மாட்டுக்குப் போவுது."

சுமலதா தன் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். ஒரு கைப்பிடி தோல்கூட அதில் இல்லை.

"இவ்ளோ இருக்கும்போது அக்கா எதுக்கு எங்கிட்ட வந்து கேட்டாங்க?"

கணேசன் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சாப்ட்டியான்னு கேட்டா நீ சாப்ட்டேன்னு சொல்லிடுவியாம். தோலு கேட்டாதான் நீ சமைச்சியா இல்லியான்னு தெரியுமாம்."