இருட்டுக் கண்ணாடி

மடுல்சீமைத் தோட்டத்து மைதானத்துக்கு மேலே ஹெலிகொப்டர் மூன்றாவது தடவையாகச் சுற்றுகிறது. கீழே ஸ்ட்ரெச்சரில் தர்ஷிகா கிடக்கிறாள். பிள்ளை பெற்ற இரத்தம் இன்னும் நிற்கவில்லை. கம்பளி நனைந்து கறுத்துவிட்டது. விமானி போட்டிருப்பது இருட்டில் பார்க்கும் கண்ணாடி. அதற்கு நட்சத்திர வெளிச்சமே போதும். போன் லைட்டை நேரே அடித்தால் எல்லாம் வெள்ளையாகி, இறங்கும் இடம் மறைந்துவிடும். மருந்துக்கூடத்து நர்ஸ் நபீலா மிஸ்ஸி இதைத் தொண்டை கிழியச் சொல்லியாயிற்று. இருந்தும் வேலியோரம் நெடுக உயர்த்திப் பிடித்த கைகள், கைக்கொரு போன், போனுக்கொரு லைட். நான் ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டில் நிற்கிறேன். "லைட்ட நிப்பாட்டுங்க! இந்தப் பொண்ணு செத்துரும்!" என்று மிஸ்ஸி கத்துகிறார். "ஒரு நிமிசம் மிஸ்ஸி, லைவ் போயிட்டிருக்கு" என்கிறான் ஜெயகுமார். தர்ஷிகாவின் புருஷனோடு கூடப்பிறந்த தம்பி இவன். போனைத் தன் பக்கம் திருப்பி, காற்றில் கலைந்த முடியைக் கோதிக்கொள்கிறான். வாயோரம் வெற்றிலை எச்சில் மினுங்குகிறது. ஹெலிகொப்டர் மேலெழும்பி மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. பறந்த சருகுகள் தர்ஷிகாவின் முகத்தில் வந்து விழுகின்றன. இனி உடைந்த ரோட்டில் நாலு கிலோமீற்றர் தூக்கிப் போனால்தான் அம்புலன்ஸ். மிஸ்ஸி முன்பக்கம் பிடிக்கிறார்; பின்பக்கக் கைப்பிடி என் கையில் இரத்தத்தில் வழுக்குகிறது. "பாதைக்கு யாராச்சும் லைட் அடிங்கப்பா." வேலியோரம் லைட் ஒவ்வொன்றாக அணைகிறது. "சார்ஜ் முடிஞ்சிருச்சு மிஸ்ஸி" என்கிறான் ஜெயகுமார். அவன் சட்டைப்பைக்குள் போன் விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருக்கிறது.