பைப்பர் டார்மட்டின் பதக்கம்

"இந்தப் பதக்கத்தை எந்தக் கடையில வாங்குனீங்க?" என்று கேட்டார் கில்லிஸ்.

ஷீனாவுக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த டீக்கோப்பையை மேஜைமேல் வைத்தாள். "கடையிலயா? எங்கப்பா உசிரைக் குடுத்து வாங்குனது ஐயா அது!"

கில்லிஸ் ஹைலாண்டு படையில் இருபது வருஷம் பைப் என்னும் துருத்திக்குழல் வாசித்து ஓய்வு பெற்றவர். இப்போது ஸ்கை தீவின் முன்னாள் வீரர் சங்கச் செயலாளர். மழை பெய்தால்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்வார். அவர் ஒப்புக்கொண்டால்தான் போரில் செத்தவர்களுக்காக ஊர் நடுவே நிற்கும் நினைவுக் கல்லில் ஷீனாவின் அப்பா பைப்பர் டார்மட்டின் பெயர் ஏறும்.

ஷீனா அப்பாவின் முகத்தையே பார்த்ததில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் வரும் போர் நினைவு நாளில் மற்றவர்கள் தங்கள் வீட்டு ஆளின் பெயரைக் கல்லில் தொட்டுப் பார்ப்பார்கள். இவள் மட்டும் சிவப்புக் காகிதப் பூவைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். முப்பத்து நாலு வயதாகியும் அந்த ஏக்கம் தீரவில்லை.

அடுப்புக்குப் பக்கத்தில் அவள் அம்மா பெய்கி காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். 'இதெல்லாம் எதுக்குடி' என்று ஒரு வாரமாக அவள் முணுமுணுத்தபடியே இருந்தாள். பதக்கத்தைக்கூட ஷீனாதான் அலமாரியைக் குடைந்து எடுத்தாள்.

"எப்படிச் செத்தாரு?" என்றார் கில்லிஸ்.

"நாப்பத்து நாலுல, இத்தாலியில. குண்டு பறக்கறப்ப பைப் வாசிச்சுக்கிட்டே எல்லாருக்கும் முன்னால போனாராம். அதுக்குத்தான் இந்தப் பதக்கம்."

"அந்த இடத்துலயே செத்தாரா, ஆஸ்பத்திரியில கெடந்தாரா?"

"அந்த இடத்துலயேதான். அப்படித்தானேம்மா?"

பெய்கியின் கை நின்றது. கில்லிஸ் அதைக் கவனித்துக்கொண்டார்.

பூதக்கண்ணாடியைப் பதக்கத்தின் விளிம்பில் ஓட்டினார். எண், பெயர், படை எல்லாம் சரியாகப் பொறித்திருந்தது. அவ்வளவு சரியாக இருந்ததே அவருக்கு உறுத்தியது.

"இத பாரு ஷீனா, தப்பா எடுத்துக்காத. சண்டையில விழுந்து செத்தவனுக்கு இந்தப் பதக்கத்தைக் குடுக்கறதே இல்ல. உசிரோட இருக்கறவனுக்கு மட்டும்தான். எங்க ஆளுங்க எல்லாருக்கும் இது தெரியும். பழைய பதக்கத்தை வாங்கி, வேணுங்கற பேரைப் பொறிச்சுக் குடுக்க ஆயிரம் பேர் இருக்கான்."

"எங்கம்மா ஏமாத்துக்காரின்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லல. அவங்க முகத்தைப் பாரு, அது சொல்லுது. கல்லுல பேரு ஏறாது. அங்க இருக்கற மத்த பேருக்கெல்லாம் அவமானம்."

கில்லிஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஷீனாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மா, போலிப் பதக்கத்தைக் காட்டியா என்னை வளத்த? வாயைத் தொறந்து ஏதாவது சொல்லேன்!"

பெய்கி பின்னலை மடியில் வைத்தாள். கில்லிஸ் பக்கம் அவள் திரும்பவே இல்லை. மகளை மட்டும் பார்த்தாள்.

"பதக்கம் நெசம்டி. உங்கப்பன் செத்ததுதான் பொய்."